எண்பத்து நான்கு வயதுத் தங்கை

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டாரால் 'வாலு' என்று அன்போடும், பள்ளியாரால் அதே பெயரில் அன்பில்லாமலும் அழைக்கப்படும் உன் ஒரே தங்கை எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், கூடத்து மின்விசிறி நால்வரும் நலம். மின்விசிறி மட்டும் கொஞ்சம் முனகுகிறது. அப்பாவும்தான்.

ஏழு மாதமாக என் போனை நீ எடுக்கவில்லை. நீ இருக்கும் அறையின் முகவரியும் எங்களுக்குத் தெரியாது. அதனால் ஆபீசுக்கே எழுதுகிறேன். நகர உதவித் துறைக்கு வரும் எந்தத் தபாலையும் பிரித்து, முத்திரை குத்தி, வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, பதினைந்து நாளுக்குள் பதில் எழுதியே தீரவேண்டும் என்று நீதானே அலுத்துக்கொள்வாய்? தங்கைக்குப் பதில் போட மனம் வராவிட்டால் பரவாயில்லை, எண்ணுக்குப் போடு.

நவம்பரில் நீ பெட்டியோடு கிளம்பிய காலையில் நான் தூங்கவில்லை. தூங்குவதுபோல் நடித்தேன். "எத்தன வருஷம்மா முதுகுல சுமந்துட்டு எறங்குறது? என் இடுப்பு போச்சு" என்று நீ சமையலறையில் சொன்னது கேட்டது. எனக்குக் கோபமில்லை. லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டு மாடி, முப்பத்தாறு படி, பத்து வருடம். ஒரு பஸ்ஸுக்கே ஆயுள் அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து வேலைக்கே வராத கால்கள் என்னுடையவை. அவற்றுக்குப் பதிலாக இரட்டை வேலை பார்த்தவன் நீ. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

நீ போனபிறகு நான் ஆறு மாதம் வீட்டில்தான். அம்மா காலை ஆறுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கும் அப்பா கிடங்குக்கும் போய்விட்டால் நானும் சுவரும். சுவர் நல்ல மாதிரி, ஆனால் ஜோக்குக்குச் சிரிக்காது.

இப்போது நல்ல செய்தி: மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகிறேன். எப்படி என்று நீயே மண்டையைக் குடைந்துகொள்.

எந்த வயதுக்காரர்களுக்கு எவ்வளவு உதவி தேவை என்று உங்கள் துறை ஒரு பெரிய அட்டவணை போடுவதாகப் பேப்பரில் பார்த்தேன். கோடு போடுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை, அதனால் அது உன் கைவேலையாகத்தான் இருக்கும். என்னை எந்தக் கட்டத்தில் அடைத்திருக்கிறாய்?

பதிலுக்குக் கழுத்தை நீட்டிக் காத்திருக்கும்,
வாலு


ஜூன் 9

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எண் 2071. பதில் எழுதியாயிற்று என்று குறித்து முடித்துவிட்டேன். இனி அலுவலக முகவரிக்கு எழுதாதே. இங்கே எல்லாத் தபாலையும் வரவுப் பிரிவு அக்காதான் பிரிப்பார். உன் மின்விசிறி ஜோக்கை மூன்று மேஜைக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

ஆமாம், அட்டவணை என்னுடையதுதான். வீடு வீடாகப் போய் ஆய்வு செய்தவர்களில் நானும் ஒருவன், தொகுத்ததும் நானே. உதவி தேவைப்படுவோர் நூறு பேர் என்றால் அறுபத்தொரு பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். நாற்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்து வரை இருபத்து நான்கு. பத்தொன்பதிலிருந்து நாற்பத்து நான்கு வரை பதினான்கு. பதினெட்டும் அதற்குக் கீழும் ஒன்று. அந்த ஒருவருக்காக இளையோர் பிரிவு எதற்கு, ஆட்களை முதியோர் பக்கம் மாற்றிவிடலாம் என்று பேச்சு. ஜூலை 6 கூட்டத்தில் முடிவெடுப்பார்கள்.

அதை விடு. நீ எப்படிப் பள்ளிக்குப் போகிறாய்? யார் இறக்குகிறார்கள்? அப்பா என்றால் உடனே நிறுத்து, அவருக்கு மூச்சு வாங்கும். விளையாடாமல் ஒழுங்காகப் பதில் சொல்.

அண்ணன்


ஜூன் 17

அன்புள்ள அண்ணா,

ஒழுங்கு எனக்கு வராது, பதில் வரும். ஆபீசுக்கு எழுதாதே என்றாய். சரி. வேறு முகவரி கொடுத்தாயா? இல்லை. ஆகவே இதுவும் அங்கேயே.

ஒருநாள் சாப்பிடும்போது உங்கள் துறையைப் பற்றிப் புலம்பினாய். பதினெட்டுக்குக் கீழே என்றால் வீட்டு ஆய்வு, மருத்துவர் சான்று, பள்ளிச் சான்று, பிறகு மாதக்கணக்கில் வரிசை. எண்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேரிடம் பிறப்புச் சான்றே இல்லை என்பதால் அவர்கள் சொல்லும் வயதை அப்படியே எழுதிக்கொள்வீர்கள். ஆய்வும் கிடையாது. வயது கூடியவருக்கு முதலிடம். நீ புலம்பிக்கொண்டிருந்தாய், நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

மே முதல் வாரம் படிவம் வாங்கி நிரப்பினேன். வயது: 84. தொழில்: ஓய்வு. படியிறங்க முடியுமா: முடியாது. பகலில் யார் துணை: ஆறிலிருந்து நாலு மணிவரை யாருமில்லை. வயதைத் தவிர ஒரு வரிகூடப் பொய்யில்லை, அண்ணா. பதிலுக்கு 'மூத்த குடிமகளே' என்று கடிதம் வரும், உனக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்றுதான் போட்டேன். எட்டாம் நாள் ஆளே வந்துவிட்டார்.

நாற்பது வயது அக்கா. பெல்ட் வைத்த, படியில் சறுக்கி இறங்கும் நாற்காலியோடு வாசலில் நின்றார்.

"பாட்டி எங்கம்மா?"

"உள்ள வாங்க. நான்தான்."

"வெளையாடாத. பேப்பர்ல எம்பத்திநாலுன்னு இருக்கு."

"உடம்புக்கு இன்னும் ஆகலக்கா. காலுக்கு மட்டும் ஆயிடுச்சு."

என்னைப் பார்த்தார். படியை எட்டிப் பார்த்தார். சுவரில் தொங்கிய என் புத்தகப்பையைப் பார்த்தார்.

"எங்க போகணும்?"

"ஸ்கூலுக்கு."

"எம்பத்திநாலு வயசுல படிப்பா? சரி, வெக்கப்படாம ஏறு."

அன்றிலிருந்து தினமும் ஏழரைக்கு வருகிறார். பள்ளி ஏற்பாடு என்று அம்மா அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு மாதம் வராமல் இருந்திருந்தால் என் பெயரை எடுத்திருப்பார்கள் என்று வகுப்பு டீச்சர் சொன்னார். இதைத்தான் உன்னிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். சிரித்தாயா இல்லையா? உண்மையைச் சொல்.

பல் போகாத,
பாட்டி வாலு


ஜூன் 20

வாலு,

சிரிக்கவில்லை.

உன் கடிதத்தை நேற்று வரவுப் பிரிவு அக்கா பிரித்தார். வழக்கம்போல் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். படிவம், 84 என்று வந்த இடத்தில் சத்தம் நின்றது. மீதியை மனதுக்குள் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "தம்பி, இத நான் படிக்கல. ஆனா நம்பர் போட்டாச்சு" என்றார். எண் 2216. உன் வாக்குமூலம் இப்போது அரசு ஆவணம். ஜூலை 4-க்குள் அந்த எண்ணுக்கு எதிரே என்ன நடவடிக்கை என்று நான் எழுத வேண்டும்.

பொய்த் தகவல் கொடுத்தவருக்கு உதவியாளரை உடனே நிறுத்துவார்கள். ஐந்து வருடம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. ஐந்து வருடம், வாலு. உன் படிப்பு முழுவதும். தங்கை என்பதால் நான்தான் வழி சொல்லிக்கொடுத்தேன் என்று என் வேலையும் போகலாம்.

இன்னொன்று. வரிசையில் உனக்கு அடுத்து ஒரு பெரியவர் இருந்தார். எண்பத்தொன்று, தனியாள். நீ 84 என்று போட்டதால் ஒரு படி கீழே இறங்கினார். போன மாதக் கடைசியில் பகல் வேளையில் சமையலறையில் விழுந்து, அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நாலு மணி நேரம் கிடந்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். "இன்னும் எத்தன நாள் ஆகும் தம்பி?" என்று கேட்டார்.

ஒரு வழிதான் இருக்கிறது. அதே 17-ஆம் தேதி போட்டு ஒரு பக்கக் கடிதம் எழுது. விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு இரண்டு வரி, போதும். மதிய இடைவேளையில் முத்திரை மேஜைமேல்தான் கிடக்கும். 2216 என்று போட்டு மாற்றிவைத்துவிடுகிறேன். பிறகு பாட்டி ஊருக்குப் போய்விட்டார் என்று ஏதாவது சொல்லி உன் பெயரை ஓசையில்லாமல் எடுத்துவிடலாம்.

என் அறை முகவரி உறையின் பின்பக்கம். இனி அங்கேதான் எழுத வேண்டும். உடனே அனுப்பு. யாரிடமும் பேசாதே.

அண்ணன்


ஜூன் 25

அண்ணா,

அந்தப் பெரியவரைப் பற்றிய பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. நான் முந்திக்கொண்டது ஒரு எண்ணை என்றே நினைத்திருந்தேன். எண்பத்தொன்றுக்குப் பின்னால் ஒரு சமையலறையும் ஒரு கையும் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இரண்டு நாளாக வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலா என்று டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மாற்றுக் கடிதத்தை மூன்று முறை எழுதினேன். மூன்றும் பொய்யில்லாத, நல்ல பிள்ளைக் கடிதங்கள். ஆனால் இதோடு சேர்த்து அனுப்பவில்லை. காரணம் இருக்கிறது.

யாரிடமும் பேசாதே என்றாய். உதவியாளர் அக்காவிடம் பேசினேன். அவரும் மாட்டுவார் இல்லையா, எப்படி மறைப்பது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வாரா வாரம் கையெழுத்துப் போடப் போகும் உதவி மையத்தில் நம் வீட்டுக் கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். "இங்க பாரு, உன் பேருல ரெண்டு வருஷத்துக்கு முந்தியே ஒண்ணு இருக்கு" என்று நகல் கொண்டுவந்தார்.

வயது 14. இருக்கும் வீடு, கால், படி எல்லாம் சரி. கடைசிக் கேள்வி: உதவி தேவையா? 'தேவையில்லை, குடும்பம் பார்த்துக்கொள்கிறது.' அதில் ஒரு டிக். கீழே ஆய்வாளர் கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் கடைசி எழுத்து வலப்பக்கம் சுழித்து மேலே ஏறும். எனக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தபோது அதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுத்தாய்.

அன்றைக்கே 'தேவை' என்று போட்டிருந்தால் பதினாலு மாத வரிசை எப்போதோ முடிந்திருக்கும். உன் இடுப்பு பிழைத்திருக்கும். நான் ஆறு மாதம் சுவரோடு பேசியிருக்க வேண்டாம். பெரியவர் விழுந்திருக்க மாட்டார். நான் செய்தது குறும்பு, தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நீ செய்ததற்குப் பெயர் என்ன?

நூற்றில் ஒன்று என்று எழுதினாயே, அந்த ஒன்றுகூட நான் இல்லையா?

தங்கை


ஜூன் 28

வாலு,

ஆமாம். கையெழுத்து என்னுடையதுதான்.

அப்பா சொன்னார், அம்மா கெஞ்சினாள் என்றெல்லாம் எழுதலாம். அப்பா சொன்னார்தான், "நாங்க உயிரோட இருக்கும்போது என் பொண்ண ஊர்க்காரங்க தூக்குறதா?" என்று. ஆனால் பேனா என் கையில் இருந்தது. அன்றைக்கு எனக்கு இடுப்பு வலியும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் உன்னைச் சுமந்துகொண்டு இறங்கும்போது எதிர்வீட்டார் 'இப்படி ஒரு அண்ணனா' என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. வேறொருவர் வந்து உன்னை இறக்குவதை நினைத்துப் பார்த்தேன். டிக் போட்டுவிட்டேன்.

நம் வீட்டோடு நிற்கவில்லை. உன்னைப் போன்ற பிள்ளைகள் இருந்த நாற்பத்தொரு வீட்டுக்குப் போனேன். எல்லா வீட்டிலும் தாயோ தகப்பனோ "எங்களுக்கு எதுக்குங்க, நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள். சிலர் பிள்ளையைக் கண்ணிலேயே காட்டவில்லை, உள்ளே தூங்குவதாகச் சொன்னார்கள். எவ்வளவு நல்ல குடும்பம் என்று எண்ணிக்கொண்டே டிக் போட்டு வந்தேன். எந்தப் பிள்ளையிடமும் நான் கேட்கவில்லை. மற்ற ஆய்வாளர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள். கிழவர்களுக்குச் சொல்ல வாய் இருந்தது, அதனால் அறுபத்தொன்று. பிள்ளைகளுக்குப் பதிலாக நாங்கள் சொன்னோம், அதனால் ஒன்று.

இது எனக்கு இப்போதுதான் புரிகிறது என்றால் நம்புவாயா? நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த அட்டவணையைப் பார்க்கவே முடியவில்லை.

ஆனால் முதலில் உன்னைக் காப்பாற்ற வேண்டும். மாற்றுக் கடிதம் 3-ஆம் தேதிக்குள் என் கைக்கு வரட்டும். அட்டவணையைப் பிறகு எப்படியாவது சரி செய்கிறேன். கூட்டத்தில் இப்போது வாயைத் திறந்தால் எதற்குத் திடீரென்று என்று கேட்பார்கள். கோப்பைத் தோண்டுவார்கள். இருவரும் விழுவோம். கொஞ்சம் பொறு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


ஜூலை 1

நகர உதவித் துறையில் ஆய்வாளராக இருக்கும் என் அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைத் தெரிந்தேதான் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். வரவுப் பிரிவு அக்கா, வணக்கம். இதை உரக்கவே படியுங்கள்.

என் வயது பதினாறு. மே மாதம் கொடுத்த படிவத்தில் 84 என்று எழுதியது நான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் அண்ணனுக்கு ஜூன் 19 வரை இது தெரியாது. என் வீட்டுக்கு வரும் உதவியாளர் நீங்கள் அனுப்பிய இடத்துக்கு வந்தார், அனுப்பிய வேலையைச் செய்தார். அவரை ஒன்றும் செய்யாதீர்கள். திங்கள்கிழமையிலிருந்து அவரை எனக்கு அடுத்து வரிசையில் இருந்த பெரியவரிடம் அனுப்புங்கள்.

அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு விஷயம். பதினாலு வயதில் எனக்கு உதவி தேவையில்லை என்று உங்கள் கோப்பில் ஒரு தாள் இருக்கிறது. அதுவும் தப்பு. அன்றைக்கும் நான் பக்கத்து அறையில்தான் இருந்திருப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவை என்று சொல்லியிருப்பேன். உங்கள் அட்டவணையில் காணாமல்போனவர்களில் நானும் ஒருத்தி.

அந்தத் தாளில் யார் டிக் போட்டது என்று நான் எழுதப்போவதில்லை. அண்ணா, அதை எழுதும் வேலை உன்னுடையது. பிறகு என்று ஒரு நாளைச் சொன்னாயே, அந்த நாளில் அட்டவணை அச்சாகியிருக்கும்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதில் ஜோக் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உண்மையுள்ள,
உன் தங்கை, வயது 16


ஜூலை 7

வாலு,

நேற்றைய கூட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்காணிப்பாளர் அட்டவணையைச் சுவரில் காட்டி, இளையோர் பிரிவை மூடுவதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். எழுந்தேன். உன் இரண்டு கடிதங்களையும் மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் உன் பழைய படிவத்தையும் நாற்பத்தொரு வீட்டு முகவரிகளையும் வைத்தேன். டிக் போட்டது நான்தான் என்று சொன்னேன். "சொந்தத் தங்கச்சிக்கேவா?" என்று யாரோ பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அட்டவணையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பதினெட்டுக்குக் கீழுள்ளவர்கள் இருக்கும் வீடுகளுக்கு வேறு ஆய்வாளர்கள் மறுபடி போவார்கள். எனக்கு விசாரணை முடியும்வரை வேலை இல்லை. உன் மீதான நடவடிக்கையைத் தனியாகத் தெரிவிப்பார்கள். உதவியாளர் இன்றிலிருந்து வரமாட்டார் என்பது உனக்கே தெரிந்திருக்கும்.

அம்மா அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. உன் முகத்தில் விழிக்க அதைவிட.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணா,

நான்கு வாரமாக நீ எழுதவில்லை. எனவே செய்திகளைக் கொட்டிவிடுகிறேன்.

எனக்கு ஐந்து வருடத் தடை இல்லை. தடை பெரியவர்களுக்கு மட்டுமாம். நான் சிறுமி என்பதால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நான் சின்னப் பிள்ளை என்று உங்கள் துறை ஒருவழியாக ஒத்துக்கொண்டது, திட்டுவதற்காகவாவது. பள்ளியில் மட்டும் பெயரை எடுத்துவிட்டார்கள், நேற்று முன்தினம். வகுப்பு டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். அடுத்த வருடம் அதே வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். அழுதேன். இதில் ஜோக் இல்லை.

உதவியாளர் அக்கா இப்போது பெரியவர் வீட்டுக்குப் போகிறார். ஞாயிறன்று வந்து எட்டிப் பார்த்தார். "ஒன்ன மாதிரியேதான் வாயி. டீயில சக்கர கம்மின்னு ஒரு மணி நேரம் பேசுறாரு" என்றார். நான் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னாராம். பெரியவர் பதில் ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு.

நேற்று புது ஆய்வாளர் வந்தாள். உன்னைவிடச் சின்னப் பெண், பேனாவை அழுத்திப் பிடிக்கிறவள். அம்மாவும் அப்பாவும் இருக்கும் நேரம் பார்த்து வந்தாள். கேள்விகளை என்னிடமே கேட்டாள். கடைசிக் கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நாங்க இருக்கோமேம்மா" என்றார்.

"இருக்கீங்க சார். காலைல யாரு எறக்குறீங்க?"

"அவ அண்ணன் எறக்குவான்."

"இப்ப?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"யாரும் இல்லம்மா," என்றாள். "எங்களால முடியல. அவனாலயும் முடியல. பாவம், அவன் சொன்னான், நான்தான் காதுல வாங்கல."

நம் அம்மா வாயிலிருந்து 'முடியல' என்ற வார்த்தை வந்து நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஆனால் மறுத்துப் பேசவில்லை. ஆய்வாளர் என்னைப் பார்த்தாள். "தேவை" என்றேன். வயதைக் கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

வரிசையைக் குறைத்திருக்கிறார்களாம், நாலு மாதத்தில் ஆள் வருமாம். அவள் போனபிறகு அம்மா, "அவன வரச் சொல்லி எழுது" என்றாள். அப்பா, "எழுதுறதோட நிறுத்தாத, தபால்ல போடு" என்றார்.

அதனால் எழுதுகிறேன். என்னைத் தூக்க வேண்டாம், அதற்கு ஆள் வரும்வரை நான் காத்திருப்பேன். சண்டை போட உனக்கும் எனக்கும் இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது, அதைக் காகிதத்தில் போட முடியாது, நேரில்தான் ருசி. நான் இறங்க இன்னும் நாலு மாதம் ஆகும். நீ ஏற இரண்டு மாடிதான்.

வாலு